நாகைக் கரை அலைக்கு எந்த கைட் போர்டு?

காற்றில் பறக்கும் பெரிய பட்டம் (கைட்) இழுக்க, பலகை (போர்டு) மேல் நின்று கடலில் ஓடும் கைட்சர்ஃபிங்கைச் சொல்லித்தரும் பள்ளிகள் நமக்குப் பக்கத்தில் இருப்பது ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும்தான். அங்கே கற்றுக்கொடுப்பது பெரும்பாலும் அலை எழாத, இடுப்பளவுத் தண்ணீரில். கற்று முடித்து நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி என்று சொந்தக் கரைக்குத் திரும்பினால் கடல் வேறு மாதிரி இருக்கிறது. அங்கே சொன்னபடி கேட்ட போர்டு இங்கே முதல் நுரையிலேயே மூக்கைக் குத்தி நிற்கிறது. "அலைக்கென்றே செய்த போர்டு வேண்டும்" என்று தேடத் தொடங்கும் அந்த இடத்தில்தான் பணமும் கரையத் தொடங்குகிறது. எனக்கு 26,000 ரூபாயும் ஒரு முழு வாடைப் பருவமும் போயிற்று. பணத்தைக்கூட ஆற்றிக்கொள்ளலாம். நல்ல காற்று வீசும் மாலைகளில் போர்டு இல்லாமல் கரையில் உட்கார்ந்திருப்பதும், கேட்க ஒரு ஆள் இல்லாததும்தான் மனதை அறுத்தது. அடுத்து வாங்குகிறவருக்கு அந்த நிலை வர வேண்டாம் என்பதால், தெரிந்ததை எல்லாம் இங்கே எழுதிவிடுகிறேன்.

போர்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் கடலைப் பார்க்க வேண்டும். கொள்ளிடம் முகத்துவாரத்திலிருந்து கோடியக்கரை வரை நம் கரை ஏறக்குறைய நேர்கோடாக, வடக்குத் தெற்காக, கிழக்கைப் பார்த்துக் கிடக்கிறது. அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகிழக்கிலிருந்து வாடை வீசும்; கரைக்குச் சாய்வாக உள்ளே வரும் காற்று. அந்தக் காற்றே கிளப்பும் அலைதான் நமக்குக் கிடைப்பது. ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு முதல் ஏழு விநாடி இடைவெளிதான் இருக்கும். தெற்குக் கடலிலிருந்து வரும் நீண்ட அலையை இலங்கை ஓரளவு மறைத்துவிடுகிறது. ஆக, நம் அலை குட்டை, நெருக்கம், மேலே நுரை தள்ளியபடி சரிகிற ரகம். மணல் திட்டில் ஒரு முறை உடைந்து, திரும்ப எழுந்து, கரையோரம் தொப்பென்று மண்ணில் விழும். அதோடு வாடைக் காலத்தில் கரையோர நீரோட்டம் தெற்கே இழுக்கும். மாசி, பங்குனியிலிருந்து ஆவணி வரை மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வரும். அது பல நாள் 10 முதல் 14 நாட் (மணிக்கு சுமார் 19 முதல் 26 கி.மீ.) வேகத்தோடு நின்றுவிடும். மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும்போது கடல் கண்ணாடி போலத் தெரியும், அலை முகம் அழகாக நிற்கும். ஆனால் அது கரையிலிருந்து கடலுக்குத் தள்ளும் காற்று. உதவிப் படகு இல்லாமல் அந்தக் காற்றில் இறங்கவே கூடாது. எந்த போர்டும் அங்கே காப்பாற்றாது.

இந்த ஒரு பத்தியிலேயே போர்டுக்கான நிபந்தனைகள் வந்துவிட்டன. காற்று குறைவாக இருந்தாலும் சீக்கிரம் எழும்பி ஓட வேண்டும். நீரோட்டம் தெற்கே இழுக்கும்போது காற்றுக்கு எதிரே ஏற வேண்டும். கரையோர அலை மண்ணில் அறைந்தாலும் உடையக் கூடாது. விளம்பரப் படங்களில் பளபளக்கும் 'வேவ் போர்டு' பலதும் இந்த மூன்றுக்கும் செய்யப்பட்டவை அல்ல. பத்துப் பன்னிரண்டு விநாடி இடைவெளியில் வந்து சுவர் மாதிரி எழுந்து நிற்கும் அலைக்காக வடிவமைக்கப்பட்டவை. விற்பவரைக் கேட்டால் "அலைக்குத்தான் தம்பி" என்பார். அது உண்மைதான், நம் அலைக்கு அல்ல.

கையில் இருக்கும் ட்வின் டிப்பை முதலில் எடுத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் ஓடும், காலுக்குப் பட்டை வைத்த, 135 முதல் 140 செ.மீ. நீளப் பலகை. அது ஓடுவது கைட் தொடர்ந்து இழுப்பதால் மட்டும்தான். அலையில் ஏறியதும் அலை நம்மைத் தள்ளும், நாம் கைட்டை நோக்கியே போவோம், கயிறு தளரும். தளர்ந்த நொடியில் மிதப்பு இல்லாத அந்தப் பலகை உட்கார்ந்துவிடும். அடியில் பொருத்தியிருக்கும் துடுப்புகளும் (ஃபின்) நான்கைந்து செ.மீ. உயரம்தான் என்பதால் அலை முகத்தில் பிடிமானம் கிடைக்காது, வால் வழுக்கும். இது ஓட்டுபவரின் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள். குறை பலகையில் இருக்கிறது. ஒரே ஒரு விஷயத்துக்கு அதை வைத்துக்கொள்ளலாம்: குதிகால் பக்கம் மட்டுமல்லாமல் கால்விரல் பக்கம் சாய்ந்தும் ஓட்டப் பழக. அது வராமல் அலை போர்டுக்குப் பணம் கட்டாதீர்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

இனி வடிவம். கைட்சர்ஃபிங்குக்கான அலை போர்டு பார்ப்பதற்கு சாதாரண சர்ஃப்போர்டு போலவே கூர் மூக்கும் தனி வாலுமாக இருக்கும். ஒரே திசையில்தான் ஓடும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்குவதுதான் பரவலாக நடக்கிறது. நீளத்தைவிட முக்கியம் ராக்கர், அதாவது பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அடிப்பக்கம் எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது. போர்டைத் தரையில் கவிழ்க்காமல் வைத்துவிட்டு நீங்கள் குப்புறப் படுத்துப் பாருங்கள். முன்காலுக்கும் பின்காலுக்கும் நடுவே அடிப்பக்கம் ஏறக்குறைய நேராக ஓட வேண்டும். வளைவு அதிகம் இருந்தால் செங்குத்து அலையில் மூக்கு குத்தாது, ஆனால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டே போகும், எழும்ப நேரமாகும், காற்றுக்கு ஏறாது. நம் கரையில் அப்படிப்பட்ட போர்டோடு இறங்கினால் நாகூரில் இறங்கியவர் நாகப்பட்டினம் பக்கம் கரையேறி, மணலில் நடந்து திரும்பும் கதைதான். அகலம் 19 அங்குலத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். வால் ஊசி போல் குறுகாமல், சதுரமாக வெட்டி முனை மழுக்கியது போதும். மூக்கு மொட்டையாக இருந்தாலும் கவலையில்லை. குட்டை அலைகளுக்கு இடையில் நீட்டு மூக்குதான் முதலில் மாட்டும்.

அளவு என்றால், 60 கிலோ எடையுள்ளவருக்கு 5 அடி 4 அங்குலம், 22 முதல் 24 லிட்டர். 75 கிலோவுக்கு 5 அடி 6 முதல் 5 அடி 8 வரை, 25 முதல் 27 லிட்டர். 90 கிலோவுக்கு 5 அடி 10 அல்லது 6 அடி, 28 முதல் 31 லிட்டர். இது சுமார் கணக்கு. முதல் அலை போர்டு என்றால் மேல் எல்லையை எடுங்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோவளம் பக்கம் சர்ஃபிங் செய்கிற நண்பர்களிடம் கேட்டால் 75 கிலோவுக்கு 32, 35 லிட்டர் என்பார்கள். அது கையால் துடுப்பு போட்டு அலை பிடிப்பவருக்கான கணக்கு. நம்மை இழுக்கக் கைட் இருக்கிறது. மிதப்பு அதிகமானால் சிற்றலையில் போர்டு துள்ளும், விளிம்பை அழுத்தித் தண்ணீரில் புதைக்க முடியாது, காற்றுக்கு ஏறுவது அத்தோடு போச்சு.

கால்விரல் பக்கம் பழகச் சொன்னதற்குக் காரணம் இதுதான். வாடையில் கரையிலிருந்து தென்கிழக்காகக் கடலுக்குள் போகும்போது இடது கால் முன்னால் இருக்கும். திரும்பி வடமேற்காகக் கரைக்கு வரும்போது வலது கால் முன்னால் வர வேண்டும், அல்லது கால் மாற்றாமல் விரல் பக்கம் சாய்ந்து வர வேண்டும். ட்வின் டிப்பில் இந்தக் கவலை கிடையாது. ஒரு பக்கப் போர்டில் ஒவ்வொரு முறையும் அலை குலுங்கும் இடத்தில் கால் மாற்ற வேண்டும். கடற்காற்றுக் காலத்தில் தென்கிழக்குக் காற்று என்பதால் எல்லாம் தலைகீழ்: வெளியே போகும்போது வலது கால் முன்னால். ஒரே கரை, இரண்டு பருவம், இரண்டு நிலை. ஆகவே கால்பட்டை போட்டுப் பழகாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. பட்டை பொருத்தும் துளைகள் உள்ள போர்டாக வாங்குங்கள், ஆனால் முதல் பருவம் முழுக்கப் பட்டையில்லாமல் ஓட்டுங்கள். கரையோர அலை தூக்கி அடிக்கும்போது போர்டு காலை விட்டுப் போய்விட்டால் முழங்கால் தப்பும். பிடிமானத்துக்கு மெழுகா, ரப்பர் பேடா என்றால் முன்பக்கமும் பேடு ஒட்டியதையே எடுங்கள். வெப்பக் கடலுக்கான மெழுகுகூட நம் வெயிலில் மணலில் பத்து நிமிடம் கிடந்தால் இளகி, மணலைப் பிடித்துக்கொண்டு, உள்ளங்காலையும் வயிற்றையும் உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

அடுத்தது கட்டுமானம். பணம் இங்கேதான் போகிறது, இங்கேதான் நிதானம் வேண்டும். சாதாரண சர்ஃப்போர்டின் மேல் ஃபைபர் துணி மெல்லியது: அடியில் 4 அவுன்ஸ் ஒரு சுற்று, மேலே இரண்டு சுற்று. படுத்துத் துடுப்பு போட அது போதும். கைட்டில் நாம் முழு எடையோடு குதிகாலில் நின்று, இழுவையை எதிர்த்து அழுத்துகிறோம், எகிறி விழுகிறோம். முதலில் குதிகால் படும் இடத்தில் குழி விழும். பிறகு அடிப்பக்கம், முன்காலுக்கு நேர் கீழே, குறுக்கே ஒரு மயிரிழைக் கோடு தோன்றும். அடுத்து ஒரு நாள் கரையோர அலையில் அந்தக் கோட்டிலேயே மடியும். என் 26,000 போனது இந்த வழியில்தான்: அலை போர்டு என்ற பெயரில் விற்கப்பட்ட, கைட்டுக்கென்று எந்த வலுவும் சேர்க்காத இலகு போர்டு. கைட்டுக்குச் செய்தது என்றால் குதிகாலுக்குக் கீழே கூடுதல் துணியோ, மூங்கில் அல்லது கடின ஃபோம் தகடோ வைத்திருப்பார்கள். எடையே காட்டிக்கொடுத்துவிடும். 5 அடி 8 அங்குலப் போர்டு 3 கிலோவுக்கு மேல், 4 கிலோவுக்குள் இருந்தால் நம்பலாம். இரண்டரை கிலோ என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். நம் கரைக்கு வடிவத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் வலுவில் விட்டுக்கொடுக்கக் கூடாது.

போர்டின் உள்ளே இருப்பது எது என்பதையும் வாங்கும்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பாலியூரித்தேன் ஃபோம். நைசாக, லேசான மஞ்சள் கலந்து இருக்கும். மற்றொன்று இபிஎஸ், நம் தெர்மாகோல்தான், வெள்ளை மணி மணியாகத் தெரியும். இப்போது வரும் கைட் போர்டுகளில் பெரும்பாலும் இரண்டாவதுதான். இது ஏன் முக்கியம் என்றால், போர்டில் விரிசல் விழுந்ததும் நாம் எல்லோரும் போவது மீன்பிடித் துறைமுகம் பக்கம் ஃபைபர் படகு ஒட்டும் பட்டறைக்கு. அங்கே இருப்பது பாலியஸ்டர் ரெசின். அதில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஊற்றிய உடனே எதுவும் தெரியாது. ஒரு நிமிடத்தில் மணிகள் ஒன்றையொன்று இழுத்துச் சுருங்கும், ஓரம் பளபளவென்று ஈரமாகும், நடுவில் குழி இறங்கிக்கொண்டே போகும். மூடி ஒட்டிவிட்டால் உள்ளே கைமுட்டி அளவு பொந்து இருப்பது மேலே தெரியாது. அடுத்த முறை கால் வைக்கும்போதுதான் உள்ளே போகும். பட்டறைக்காரர் மேல் தப்பில்லை. படகுக்கு அதுதான் சரியான ரெசின். "இதுவும் ஃபைபர்தானே தம்பி, வச்சிட்டுப் போ, சாயந்திரம் தரேன்" என்பார். "அண்ணே, உள்ள தெர்மாகோல் இருக்கு. படகு ரெசின் போட்டா கரைஞ்சிடும், இந்த எபாக்ஸிய மட்டும் போடுங்க" என்று சொல்லி, எபாக்ஸி ரெசினை நீங்களே வாங்கிக் கொடுங்கள். எபாக்ஸி இரண்டு வகை ஃபோமுக்கும் ஒத்துப்போகும் என்பதால் சந்தேகம் இருந்தால் அதுவே பாதுகாப்பு. கூடவே துணியும் கொண்டுபோங்கள். பட்டறையில் இருக்கும் சிதறிய இழை 'மேட்'டைப் பிடித்து வைத்திருக்கும் பசை ஸ்டைரீனில் கரைவதற்கென்று போட்டது. எபாக்ஸியில் சரியாக நனையாது. நெய்த கண்ணாடி இழைத் துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் ரகம், இரண்டு சுற்று போதும்.

ஒட்டுவதற்கு முன் உலர்த்துவதில்தான் பொறுமை வேண்டும். விரிசலை நல்ல தண்ணீரில் கழுவி, கொஞ்சம் திறந்து, ஓட்டை கீழே பார்க்கும்படி நிழலில் நிறுத்துங்கள். தினமும் எடை போடுங்கள்; எடை குறைவது நின்ற பிறகுதான் ஒட்டலாம். அவசரத்துக்கு வெயிலில் வைத்தால் ஃபோம் விரிந்து மேல்தோல் பெயரும். ரெசினை 50 கிராமுக்கு மேல் ஒரே கிண்ணத்தில் கலக்காதீர்கள். நம் சூட்டில் கிண்ணத்திலேயே கொதித்துப் புகையும். தட்டையான தட்டில் ஊற்றி வைத்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ரெசினும் கடினமாக்கியும் சேரும் விகிதத்தைக் கண்ணளவில் விடாமல், டப்பாவில் அச்சிட்டிருப்பதுபடி தராசில் நிறுத்துக் கலக்குங்கள். வெயில் இறங்கும் மாலைதான் சரியான நேரம். காலையில் சூடு ஏற ஏற ஃபோமுக்குள் இருக்கும் காற்று விரிந்து, ஒட்டிய இடமெல்லாம் குமிழ் விடும். ஐப்பசி அடைமழையில் ஈரம் காரணமாக எபாக்ஸி மேல் பிசுபிசுப்பு படியும். அடுத்த சுற்று போடும் முன் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும்.

பழைய போர்டு வாங்குவதில் தவறில்லை, முறையாகப் பார்த்தால். மேலே முழுவதும் கட்டை விரலால் அழுத்திக்கொண்டே போங்கள். எங்காவது பொத்தென்று இறங்கினால் தோல் ஃபோமை விட்டுப் பிரிந்திருக்கிறது. ஒரு ரூபாய் நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் 'டொக்' என்று கேட்கும், பிரிந்த இடம் மந்தமாக ஒலிக்கும். மாலை வெயிலில் சாய்த்துப் பிடித்து அடிப்பக்கக் குறுக்குக் கோட்டைத் தேடுங்கள். தயாரிப்பாளர் சொல்லும் எடையையும் இப்போதைய எடையையும் ஒப்பிடுங்கள். மீன் ஏலக்கூடத்துத் தராசே போதும். அரைக் கிலோ கூடினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது. ரப்பர் பேடு புதிதாக ஒட்டியிருந்தால் அதன் கீழ் என்ன இருக்கிறது என்று தயங்காமல் கேளுங்கள். புதிதாக வெளிநாட்டிலிருந்து தருவிக்கிறீர்கள் என்றால், இணையத்தில் காட்டும் விலையோடு சுங்க வரியும், ஜிஎஸ்டியும், நீளப் பொட்டலத்துக்கான சரக்குக் கட்டணமும் சேரும். இவற்றைக் கேட்டு வாங்காமல் முன்பணம் அனுப்ப வேண்டாம்.

அடிப்பக்கத் துடுப்புகளில் (ஃபின்) மூன்று பொருத்தும் ஏற்பாடே நம் கடலுக்குப் போதும். மணல் திட்டில் இடிப்பது இங்கே வாடிக்கை என்பதால், துடுப்பு உடைவதைவிடத் துடுப்புப் பெட்டி பிய்வதற்குத்தான் பயப்பட வேண்டும். நீளமான ஒற்றைப் பள்ளத்தில் உட்காரும், ஃப்யூச்சர்ஸ் என்ற நிறுவனத்தின் ரகம் அடியைப் பரப்பி வாங்கும். எஃப்சிஎஸ் என்ற நிறுவனத்தின் பழைய, இரண்டு குட்டிக் குழி ரகம் சீக்கிரம் விரிசல் விடும். இரண்டிலும் திருகாணிக்கு வேண்டியது 3/32 அங்குல ஆலன் சாவி. நம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 2.5 மி.மீ. உள்ளே நுழையாது, 2 மி.மீ. வழுக்கித் தலையைத் தேய்த்துவிடும். கடலுக்குள் போய் வந்த திருகாணியை நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் ஒரே மாதத்தில் இறுகிவிடும். சாவி இரண்டு, திருகாணி ஒரு டஜன், துடுப்பு ஒரு மாற்று செட் என்று போர்டோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

புதுப் போர்டோடு இறங்கும் முதல் நாட்களுக்கு, தரங்கம்பாடிக் கோட்டைக்கு முன்னாலும் பூம்புகாரிலும் கருங்கல் கொட்டிய பகுதிகளை விட்டு விலகியே இருங்கள். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்தால் கடல் பக்கமே வேண்டாம். மற்ற நாட்களில் ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பைப் பார்த்து, ஒரு மீட்டருக்குக் கீழே இருக்கும் நாளில் தொடங்குங்கள். இறங்கும் குப்பத்தில் பஞ்சாயத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, வலை எங்கே விரித்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள். போர்டைக் காலில் கயிற்றால் கட்டிக்கொள்ளாதீர்கள். கைட் இழுக்கும்போது அது ரப்பர் போல் திரும்பி வந்து தலையில்தான் அடிக்கும். வாடையில் கைவிட்டுப்போன போர்டு எப்படியும் கரைக்குத்தான் வரும், ஆனால் நீங்கள் விழுந்த இடத்துக்கு நேரே அல்ல, தெற்கே தள்ளி. அங்கே நிற்க ஒரு ஆளை வைத்துவிட்டு இறங்குங்கள். பழைய ட்வின் டிப்பை விற்றுவிட வேண்டாம். காற்று இருந்தும் அலை செத்த நாட்களுக்கு அது வேண்டும், அதற்குக் கிடைக்கும் விலையும் பெரிதாக இருக்காது.